நம்பர் இல்லாத பொட்டலம்

மீன்பிடிக்கிறவன் வீட்டுக்கு ராத்திரிச் சாப்பாடு அட்டைப்பெட்டியில் வந்து இறங்கும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால், லீமா அவர்களை வாசலோடு சிரித்து அனுப்பியிருப்பாள். ஆனால் 2016 ஜூலையில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், சின்னத்துறையில் அவளுடைய சமையல் மேடையில் அப்படி இரண்டு பெட்டிகள் உட்கார்ந்திருந்தன. மேலே ஒரு பெண் சிரித்துக்கொண்டு கரண்டி பிடித்திருக்கும் படம். உள்ளே ஆறு பேருக்கான நெய்ச்சோறும் தேங்காய்ப்பால் விட்ட கோழிக்கறியும், பச்சையாக, அரிந்தும் அரைத்தும் அளந்தும் பொட்டலம் பொட்டலமாக. அடுப்பில் ஏற்றிக் கிண்டுவது மட்டும்தான் வீட்டுக்காரர் வேலை.

லீமாவின் வலது கை மாவுக்கட்டில் இருந்தது. மழையில் கோயில் படியில் வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு போய்விட்டது. கெபியில் மாதா சொரூபத்தைப் பார்த்துக்கொண்டே விழுந்தேன் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். ஆனால் கை போன நேரம் சிரிக்கிற நேரம் இல்லை. அன்று சாயங்காலம் மார்த்தாண்டத்திலிருந்து ஆபேலும் அவர் மனைவி லீலாபாயும் வருவதாக இருந்தது. அவர்களுடைய மகன் எபினும் லீமாவின் மகள் ரெஜிஷாவும் திருவனந்தபுரத்தில் ஒரே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். பார்த்த வேலை போதாதென்று கல்யாணமும் செய்துகொள்ளப் போவதாக இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டார்கள்.

இது லேசுப்பட்ட காரியம் இல்லை. அவர்கள் சி.எஸ்.ஐ. சபை, ரப்பர் வியாபாரம், மேட்டு நிலத்துக்காரர்கள். இவர்கள் கத்தோலிக்கர், கடற்கரை. நடுவில் எட்டு மைல் ரோடுதான் என்றாலும் அந்த ரோட்டில் சம்பந்தம் பேசப் போய்வந்தவர்கள் அபூர்வம். ஆபேல் லீமாவின் கணவரிடம் போனில் சொன்னது இவ்வளவுதான்: "சும்மா ஒண்ணு வந்து பாத்துட்டுப் போறோம் பிரதர்."

அந்த 'சும்மா'வும் பிடிக்கவில்லை, 'பிரதர்' என்றதும் பிடிக்கவில்லை லீமாவுக்கு. சம்மந்தி என்று ஒரு வார்த்தை வாயில் வந்துவிட்டால் மகள் ஆசைப்பட்டது நடந்துவிடும். வராவிட்டால் அந்தப் பிள்ளை அழுதழுது மெலிந்துபோகும், பார்த்துக்கொண்டிருக்கத் தன்னால் ஆகாது. போனை வாங்கி லீலாபாயிடமும் பேசிப் பார்த்தாள். அந்த அம்மா, "நீங்க ஒண்ணும் சிரமப்படாண்டாம், இருக்கட்டும், பரவாயில்ல" என்று தேன் ஒழுகப் பேசினாள். அவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவர்கள் மரியாதையாகவே 'வேண்டாம்' என்றும் சொல்லிவிடுவார்கள் என்பது லீமாவின் கணக்கு.

போதாக்குறைக்கு லீலாபாய்க்கு மீன் ஆகாதாம். தின்றால் உடம்பெல்லாம் தடித்துவிடுமாம். கடற்கரைக்குப் பெண் கேட்டு வருகிறவளுக்கு மீன் ஆகாது என்றால் இதை எங்கே போய்ச் சொல்வது. கோழிதான் ஆக்க வேண்டும். யாரை வைத்து ஆக்குவது? பக்கத்து வீட்டுக் குளோரியைக் கூப்பிட்டால் கை மணக்கச் சமைத்துத் தருவாள். ஆனால் கறி கொதிக்கிற முன்னே சேதி கொல்லங்கோடு தாண்டிவிடும். பேச்சு முடிந்து மோதிரம் மாற்றுகிற வரை கரையில் ஒரு ஆள் அறியக்கூடாது என்பது ரெஜிஷாவின் வேண்டுதல். கடையில் பிரியாணி வாங்கி வைக்கலாம் என்றால், வீடு தேடி வருகிறவர்களுக்குக் கடைச்சோறு போடுவதைப்போல ஒரு கேவலம் உண்டா. அதனால்தான் ரெஜிஷா இந்தப் பெட்டிகளை வாங்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை வந்து, ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் காலையில் வேலைக்கு ஓடினாள். சனிக்கிழமையும் லீவு கிடைக்கவில்லை, சாயங்காலம்தான் வருவாள். கூடவே வந்த அச்சடித்த அட்டையில் இங்கிலீஷும் மலையாளமும்தான். ஆகவே ஒவ்வொரு பொட்டலத்திலும் போட வேண்டிய வரிசைப்படி மையால் நம்பர் எழுதிவிட்டுப் போயிருந்தாள்.

அடுப்பில் நிற்கப் போவது ததேயுஸ்.

ததேயுஸ் லீமாவின் கணவர். கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிற விசைப்படகில் இருபது வருஷமாக வேலை. வலையும் இழுப்பார், சமையலும் அவர்தான். போனால் ஒரு மாதம் கழித்துத்தான் கரை. அத்தனை பேர் வயிற்றையும் நடுக்கடலில் நிறைத்துக் கொண்டுவந்து சேர்க்கிற மனுஷன், வீட்டில் ஒரு கட்டன்சாயா போட்டதில்லை. இப்போது மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கையைக் கட்டிக்கொண்டு வீட்டில் இருந்தார்.

"இதென்னடி லீமா, கொசுறு குடுத்த மாதிரி இருக்கு," என்றார், கோழிப் பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்து. "ஆறு பேருக்கா இது? போட்டுல ஒருத்தன் ஒரு கடிக்குத் தின்னுவான்."

"வாறது போட்டுக்காரன் இல்ல. மார்த்தாண்டத்துக்காரங்க. அவங்க அளவாத்தான் சாப்பிடுவாங்க."

"ஒரு தேங்கா திருவிப் போடட்டா?"

"தேங்காப்பால் உள்ள இருக்கு."

"பத்து வத்தல் மிளகாயாவது..."

"இஞ்சேருங்க," என்றாள் லீமா, ஸ்டூலை இழுத்து அடுப்புக்கு எதிரே போட்டு உட்கார்ந்து. "நம்பர் போட்டது மட்டும் போடணும். நம்பர் இல்லாத ஒரு சாதனம் சட்டியில விழப்பிடாது. உங்க போட்டுக் கறி தின்னா அந்தம்மா நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போவா."

"செரி," என்றார் ததேயுஸ். கடலில் அவரை அதட்ட ஆள் கிடையாது. அந்தக் குறை தீரும்படி வீட்டில் ஒருத்தி இருந்தாள்.

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலையில் இறங்கினார். கோழியைக் குழாய்த் தண்ணீரில் இரண்டு தடவை அலசினார். அலசின கை சுத்தம் லீமாவுக்கே பிடித்திருந்தது. சட்டியை அடுப்பில் வைத்து எண்ணெய் காய்ந்ததும் ஒன்றாம் நம்பரைக் கொட்டினார். கிராம்பும் பட்டையும் பொரிந்தன. இரண்டாம் நம்பர் வெங்காயம். எல்லாம் ஒரே கனத்தில் நறுக்கியிருந்தார்கள், அதைப் பார்த்து லீமாவுக்கே கொஞ்சம் பொறாமை வந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் கவனித்தாள். ததேயுஸ் இரண்டு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டு, இடது கையில் துணியைச் சுற்றிச் சட்டியின் காதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கிண்டிக்கொண்டிருந்தார்.

"எதுக்குச் சட்டியப் பிடிச்சிட்டு நிக்கிறிய?"

"ஆடும்லா."

"வீடு ஆடுமா?"

ததேயுஸ் கீழே பார்த்தார். தரை தரையாகத்தான் இருந்தது. கையை எடுத்தார். அடுத்த தடவை கிண்டும்போது அது தானாகவே போய்ச் சட்டிக் காதைப் பிடித்தது. லீமாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன் புருஷன் சமைக்கிறதை அவள் பார்ப்பது அன்றைக்குத்தான். ஆள் பார்க்க நன்றாகத்தான் இருந்தார்.

மசாலா வதங்கி, கோழி விழுந்து, வீடே மணக்கத் தொடங்கிய நேரத்தில் வாசலில் குரல் கேட்டது.

"லீமாக்கா, என்ன இன்னைக்குக் கோழி வாசம் தெருவத் தூக்குது?"

குளோரி. லீமா எழுந்த வேகத்துக்கு மறு கையும் போயிருக்கும். வாசல் நிலையில் போய் முழு உடம்பையும் வைத்து அடைத்துக்கொண்டு நின்றாள். மூக்கு நுழைந்தால் பின்னாலேயே ஆளும் நுழைந்துவிடும்.

"கை எப்பிடி இருக்கு?" என்றாள் குளோரி, தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தபடி.

"கெடக்கு."

"ஆரு சமைக்கா?"

"அவரு."

"ததேயுஸ் அண்ணனா?" குளோரி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "என்ன விசேஷம்?"

"கை ஒடிஞ்சவளுக்குக் கட்டினவன் ஒரு நாளு கோழி வச்சிக் குடுக்கது விசேஷமா?"

இது நல்ல பதில்தான், ஆனால் தப்பான ஆளிடம் சொன்ன பதில். குளோரி தன் வீட்டுக்காரன் ஒரு முட்டைகூடப் பொரித்துத் தந்ததில்லை என்று ஆரம்பித்தாள். அவளுடைய பேறுகாலத்திலிருந்து தொடங்கி, அவளுக்கு மஞ்சள்காமாலை வந்த வருஷத்தைத் தாண்டி, போன வாரத்துக் காய்ச்சலுக்கு வந்து சேர்வதற்குள் மழை ஒரு பாட்டம் பெய்து ஓய்ந்துவிட்டது. லீமா எல்லாவற்றுக்கும் "உள்ளதுதான், உள்ளதுதான்" என்று தலையாட்டிக்கொண்டு, காதை மட்டும் அடுப்பங்கரையில் வைத்திருந்தாள். கடைசியில் குளோரியின் வீட்டுக் குக்கர் விசில் அடித்து லீமாவைக் காப்பாற்றியது.

உள்ளே ஓடி வந்தால் எல்லாம் முடிந்திருந்தது. நெய்ச்சோறு பொலபொலவென்று வெந்திருந்தது. மேலே முந்திரியும் வெங்காயமும் பொரித்துத் தூவியிருந்தார். கோழிக்கறி தேங்காய்ப்பாலில் மினுங்கிக்கொண்டு கிடந்தது. இவ்வளவு அழகாக அவள் வீட்டில் ஒரு கறி இருந்ததில்லை.

"எல்லாம் போட்டாச்சா?"

"நீ பறஞ்ச மாதிரி. நம்பர் உள்ளது எல்லாம் போட்டாச்சு."

"ஒரு சொட்டு கையில விடுங்க, பாக்கட்டும்."

ததேயுஸ் கரண்டியைப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "அது மட்டும் வேண்டாம். ஆக்கின பொறவு பந்திக்கு முன்ன ருசி பாக்கப்பிடாது. எங்க போட்டுல இந்த இருவது வருஷத்துல ஒருத்தன் பாத்ததில்ல. பாத்தா அன்னைக்கு வலை வெறும் வலைதான்."

"இது வலையா?"

"வலை இல்லாம பின்ன என்ன," என்றார் அவர். "நம்ம பிள்ளைக்காக விரிச்சது."

அதற்குள் காரும் வந்துவிட்டது.

ஆபேல் பெரிய தொப்பையும் சின்னக் குரலுமாக இருந்தார். எபின் வெட்கப்பட்டுக்கொண்டே பழக்கூடையை நீட்டினான். லீலாபாய் ஒல்லியாக, நிமிர்ந்து, கஞ்சி போட்ட காட்டன் சேலையில் வந்தாள். நாகர்கோவிலில் பெண்கள் ஹாஸ்டலில் வார்டனாக இருந்து போன வருஷம்தான் ரிட்டயர் ஆனவள். அந்த அம்மா வந்து உட்கார்ந்ததும் நாற்காலியே நேராக உட்கார்ந்த மாதிரி இருந்தது. ரெஜிஷாவின் பஸ் களியக்காவிளையில் மழைத்தண்ணீரில் நின்றுபோய், அவர்கள் வந்தபிறகுதான் அவள் நனைந்த துப்பட்டாவோடு ஓடி வந்து சேர்ந்தாள். அடுப்பங்கரைக்குள் போய் ஒரு பார்வை பார்க்கக்கூட நேரமில்லை.

பேச்சு நடந்தது என்று சொல்ல முடியாது. மழையைப் பற்றிப் பேசினார்கள். ரப்பர் விலை விழுந்ததைப் பற்றி ஆபேலும், டீசல் விலை ஏறியதைப் பற்றி ததேயுஸும் சொன்னார்கள். லீமாவின் கையைப் பற்றி லீலாபாய் விசாரித்தாள். "நீங்க நிக்காண்டாம், உக்காருங்க." "தண்ணி போதும், இருக்கட்டும்." ஒவ்வொரு வார்த்தையையும் இஸ்திரி போட்டு மடித்துத் தந்தாள். கல்யாணம் என்ற சொல் அந்தக் கூடத்துக்குள் வராமல் மழையில் வெளியே நின்றது.

சாப்பிட உட்கார்த்தினார்கள். ததேயுஸ் பரிமாறினார். சமைத்தவன் கடைசியில் சாப்பிடுவதும் படகு வழக்கம்தான். லீமா சுவரோரம் நின்று நான்கு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஆபேல் ஒரு வாய் வைத்தார். மென்றார். இன்னொரு வாய் வைக்கக் கொஞ்சம் யோசித்தார். எபின் தலையைக் குனிந்தபடி வேகவேகமாகச் சாப்பிட்டான். ரெஜிஷா முதல் வாய்க்கே அம்மாவை நிமிர்ந்து பார்த்துக் கண்ணை உருட்டினாள். கண் உருட்டலில் என்ன சொல்கிறாள் என்று லீமாவுக்குப் பிடிபடவில்லை.

"கோழி நல்லா வெந்திருக்கு," என்றாள் லீலாபாய்.

லீமாவுக்குச் சுருக்கென்றது. வெந்திருக்கு என்பது ஒரு புகழ்ச்சியா? பிறகு அந்த அம்மாவின் கையைப் பார்த்தாள். லீலாபாய் நார்த்தங்காய் ஊறுகாயை எடுத்தாள். ஒரு வாய்ச் சோறு. மறுபடி ஊறுகாய். ஆபேல் ஊறுகாய்ப் பாத்திரத்துக்குக் கை நீட்ட, அது எபினிடம் போயிருந்தது. மூன்று பேருக்கும் நடுவில் அந்தக் கிண்ணம் ஓடிக்கொண்டிருந்தது.

லீமா அடுப்பங்கரைக்குள் போய் இடது கை விரலைக் கறியில் விட்டு நாக்கில் வைத்தாள். இன்னொரு விரலில் சோற்றையும் எடுத்து வைத்தாள். மேடையின் ஓரத்தில், காலிப் பெட்டிக்குப் பின்னால், ஒரு சின்ன வெள்ளைப் பொட்டலம் வாய் திறக்காமல் கிடந்தது. அதற்கு ரெஜிஷா நம்பர் போடவில்லை. உப்புக்கு யாராவது நம்பர் போடுவார்களா?

"இஞ்ச வாருங்க," என்றாள். ததேயுஸ் வந்தார். "உப்பு போட்டியளா?"

"உப்பா?" அவர் நிஜமாகவே புரியாமல் பார்த்தார். "உப்பு கெடக்கும்லா."

"எங்கருந்து கெடக்கும்?"

"அலசும்போ..." என்று தொடங்கியவர் குழாயைப் பார்த்தார்.

படகில் நல்ல தண்ணீர் குடிக்க மட்டும்தான். மீன் கழுவுவது, அரிசி களைவது எல்லாம் கடல் தண்ணீரில். கறிக்கும் ஒரு கோப்பை கடலில் மொண்டு ஊற்றினால் வேலை முடிந்தது. இருபது வருஷமாக அந்த மனுஷன் உப்பு ஜாடியைத் தொட்டதில்லை. சட்டியைப் பிடித்துக்கொள்ள மறக்காத கைக்கு, உப்பைத் தேட ஒரு நாளும் தெரியவில்லை.

லீமாவுக்கு அவரைத் திட்டவும் வாய் வரவில்லை. நம்பர் இல்லாதது விழப்பிடாது என்று அதட்டியவள் அவள்தானே. மகள் முகம்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது. கடற்கரைக்காரர்கள் உப்பில்லாமல் சோறு போட்டார்கள் என்று மார்த்தாண்டத்தில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அதுவும் மரியாதையாகச் சிரிப்பார்கள்.

அவள் தடுக்கும் முன்னே ததேயுஸ் கூடத்துக்குப் போய்விட்டார். கரண்டி கையிலேயே இருந்தது.

"உப்பில்ல," என்றார். "சோத்துலயும் இல்ல, கறியிலயும் இல்ல. நான்தான் சமைச்சேன். போட்டுல கடல் வெள்ளத்துலதான் எல்லாம் அலசுவோம், அதனால உப்பு தனியாப் போட்டுப் பழக்கமில்ல. இன்னைக்குக் குழாய் வெள்ளத்துல அலசிட்டேன். இவளுக்குக் கை ஒடிஞ்சு கெடக்கு, பிள்ளைக்கு வேலை, ஆளு வச்சுச் சமைச்சா விசயம் வெளிய போயிரும்னு பெட்டி வாங்கினோம். நீங்க மரியாதைக்காக இத முழுங்காண்டாம்."

ரெஜிஷா தட்டைப் பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்திருந்தாள்.

முதலில் ஆபேலின் தொப்பை குலுங்கியது. சத்தம் பிறகுதான் வந்தது. "நான் நெனச்சேன் பிரதர், எனக்கு பிரஷர்னு எபின் உங்கள்ட்ட சொல்லியிருப்பான், அதுக்காக உப்பில்லாம வச்சிருக்கியன்னு. ஏலே, சொன்னியா?"

"இல்லப்பா," என்றான் எபின். "நான் ஊறுகாய வச்சுச் சமாளிச்சேன்."

லீலாபாய் சிரிக்கவில்லை. தட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு எழுந்தாள். லீமாவைத் தாண்டி நேராக அடுப்பங்கரைக்குள் போனாள். சேலை முந்தியை இடுப்பில் செருகினாள். தட்டில் இருந்ததைத் திரும்பச் சட்டியில் கொட்டவில்லை, ஹாஸ்டல் சுத்தம். தட்டை ஓரமாக வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். வெள்ளைப் பொட்டலத்தைக் கண்டதும் பல்லால் கடித்துக் கிழித்தாள். கொஞ்சம் வெந்நீரில் கரைத்துச் சோற்றில் தெளித்து மூடினாள், மீதியைக் கறியில் போட்டுக் கலக்கினாள். இஸ்திரி போட்ட குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. கூடம் வரை கேட்கிற வார்டன் குரல் வந்தது.

"நானூறு பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட்ட இடத்துல இருந்து வாறேன். உப்பு மறந்த சமையக்காரன நிக்கவச்சு நாலு கேட்பேன். இது என்ன கூத்து? ருசி பாக்க மாட்டியளா ஒரு வாய்?"

"போட்டுல பந்திக்கு முன்ன..." என்று ததேயுஸ் அடுப்பங்கரை நிலையில் நின்று இழுத்தார்.

"போட்டு போட்டுல இருக்கட்டும். சம்மந்தி, ஒண்ணு சொல்லுதேன், கல்யாணத்துக்கு நீங்க அடுப்புப் பக்கம் வரப்பிடாது. இலை போடுங்க, தண்ணி ஊத்துங்க, அது போதும். கரண்டியோட கண்டேன்னா தெரியும்."

"செரி," என்றார் ததேயுஸ். கரண்டியைக் கீழே வைத்தார்.

லீமா சுவரில் சாய்ந்துகொண்டாள். காதில் விழுந்தது உண்மைதானா என்று பார்க்க மகளைத் தேடினாள். ரெஜிஷா சாப்பாட்டு மேஜையில் நனைந்த துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள், தோள் ஆடியது. அழுகையா சிரிப்பா என்று கண்டுபிடிக்க லீமாவுக்கு அவசரமில்லை. அவள் கண்ணிலும் தண்ணீர் நிறைந்து நின்றது.

சோறும் கறியும் மறுபடி கூடத்துக்கு வந்தன. இந்தத் தடவை எல்லாரையும் சேர்ந்து உட்காரச் சொல்லிவிட்டாள் லீலாபாய். ததேயுஸ் கடைசியில் சாப்பிடுகிறேன் என்று முனகினார், அது எடுபடவில்லை. லீமாவுக்குக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட வசதியாகக் கோழியை எலும்பு நீக்கித் தட்டில் வைத்ததும் லீலாபாய்தான்.

லீமா இடது கையால் ஒரு வாய் எடுத்து வைத்தாள். பிறகு ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். இன்னொரு வாய். ஆபேல் தண்ணீர்ச் செம்பை எடுத்தார். ரெஜிஷா மறுபடி கண்ணை உருட்டினாள், இந்தத் தடவை லீமாவுக்கு விளங்கியது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் என்றால், லீமாவும் நல்லா வெந்திருக்கு என்று சொல்லிவிட்டு விழுங்கியிருப்பாள்.

"சம்மந்தி," என்றாள். "உப்பு கூடிப்போச்சு."

லீலாபாய் கை நின்றது. தன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து வைத்து, மெதுவாக மென்று பார்த்தாள்.

"கூடித்தான் போச்சு," என்றாள். "நானும் ருசி பாக்கல்ல."